எங்கள் நட்டத்தை யாரும் நம்புவதில்லை

ஜெர்மனியில் ஹம்மிலிருந்து டோர்ட்மண்டுக்குப் போகும் ரயிலில் இருக்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. என் பெருவிரலுக்குக் கீழே உள்ள பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாயைத் திறந்தாள். "அக்கா, குறை நினையாதேங்கோ. அந்த லொத்தர் சுரண்டுற கை உங்கட கைதானே?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள் என் கையைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எதிர் இருக்கையிலிருந்த ஜெர்மன்காரர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கையை இழுத்துக் குளிரங்கிப் பைக்குள் விட்டேன். டோர்ட்மண்ட் வரும்வரை வெளியே எடுக்கவில்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலராவது அந்தக் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். கனடாவிலும் பிரான்சிலும் பார்க்கிறார்கள். படத்தில் ஒரு மேசை, அதில் ரூபெல்லோஸ் என்று இங்கே சொல்லப்படும், பூச்சைச் சுரண்டிப் பரிசு பார்க்கும் லொத்தர்ச் சீட்டுகள், எங்கள் பேச்சில் ரிக்கெற்றுகள், ஒரு பெண்ணின் கை, ஓர் ஆணின் குரல். குரல் என் கணவர் சிவாவுடையது. அவர் களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலை செய்தவர். முதுகெலும்பு விலகியபிறகு பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஐம்பது வயதில் புதிதாக அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி எடுக்கவும் மனமில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி யாரோ வெள்ளைக்காரன் லொத்தர் சுரண்டும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் எழும்பி உட்கார்ந்து, "இதைத் தமிழில ஆரும் செய்யேல்லையப்பா" என்றார். அவர் கைப்பேசியைப் பிடிக்க வேண்டும், சுரண்ட ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் என் கை படத்துக்குள் வந்தது. முதல் காணொளியிலேயே ஒரு நல்ல தொகை விழுந்தது. எங்களுக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். ரிக்கெற்றுக்குக் கொடுக்கும் காசில் ஏறக்குறையப் பாதிதான் பரிசாகத் திரும்பி வருகிறது. அதுவும் கையில் நிற்பதில்லை, அடுத்த காணொளிக்கான ரிக்கெற்றாகிவிடும். சூதாட்டச் சங்கதி என்று சொல்லிப் பாதிக் காணொளிகளுக்கு விளம்பரமே வராது. வருகிற மிச்சத்துக்கும் வரி காட்ட வேண்டும். லட்சம் பேர் பார்த்தார்கள் என்று சிவா துள்ளிய மாதத்தில் வந்த காசு, ஒரு கிழமை ரிக்கெற்றுக்குக்கூடக் காணவில்லை. துண்டு விழுந்ததையெல்லாம் மூடிக்கட்டுவது, சலாட் பொதி செய்யும் தொழிற்சாலையில் எனக்குக் கிடைக்கும் சம்பளம். படத்தில் இது ஒன்றும் தெரியாது. பரிசு விழாத வெறும் ரிக்கெற்றுகளை வேகமாக ஓட்டிவிட்டு, விழுந்ததை மட்டும் சிவா நின்று நிதானித்துக் காட்டுவார். கேட்டால், "வெறும் ரிக்கெற் சுரண்டுறதை ஆர் இருந்து பாக்கப் போயினம்?" என்பார். ஏன் விட்டுத்தொலைக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். படம் எடுக்கும்போதுதான் அந்த மனிதர் முதுகை மறந்து சிரிக்கிறார். அதை நிற்பாட்ட எனக்கு வாய் வரவில்லை.

ரிக்கெற் வாங்குவது எங்கள் தெரு மூலையில் உள்ள கடையில். பேப்பரும் சிகரெட்டும் விற்கும் சின்னக் கடை. அதன் சொந்தக்கார அம்மா முதலில் என்னோடு நன்றாகச் சிரித்துப் பேசுவார். பிறகு சிரிப்புக் குறைந்தது. ஒருநாள் ரிக்கெற்றுகளோடு ஒரு மடித்த தாளையும் சேர்த்துத் தந்தார். ஏதோ கழிவு விலை விளம்பரமாக்கும் என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டில் விரித்துப் பார்த்தால், சூதாட்டத்தை விட முடியாதவர்களுக்கான ஆலோசனை நிலையம், இலவசம், பெயர் சொல்லத் தேவையில்லை என்று இருந்தது. முகம் சுட்டது. அடுத்த முறை போனபோது இந்த நாட்டு டொச் மொழியில் எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன். "இது என் வேலை. வீடியோ செய்கிறோம்." அவர் என் புறங்கையைத் தட்டினார். "என் புருசனும் முதலில் வேலை என்றுதான் சொன்னார்" என்றார். வேறு கடைக்கு மாறலாம் என்றால், படத்தின் தொடக்கத்தில் வரும் இந்தக் கடையின் முகப்புத்தான் சனங்களுக்குப் பழக்கம் என்று சிவா மறுத்துவிட்டார்.

அந்த அம்மா நினைப்பது வெட்கக்கேடு, அவ்வளவுதான். எனக்கு உண்மையான பயம் எங்கள் ஆட்கள் மேல். அவர்கள் என் கையைக் கைராசிக் கை என்று முடிவுகட்டிவிட்டார்கள். கைராசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்களோடு இருந்த சின்னம்மா பெரிய கைராசிக்காரி என்று பெயரெடுத்தவர். கடை திறந்தால் முதல் வியாபாரம் அவர் கையால், பிள்ளைக்குச் சோறு தீத்துவதென்றால் முதல் வாய் அவர் கையால். எங்கள் வீட்டு வாசலில் கூப்பிட வந்தவர்களின் சைக்கிள்கள் நிற்கும். பிறகு ஒருநாள் சின்னப்பா ஷெல் விழுந்து செத்துப்போனார். அதே மாதம் சின்னம்மா திறந்துவைத்த தையல் கடை ஒன்றும் பூட்டுப்பட்டது. அவ்வளவுதான். சோறு தீத்திய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் அந்தக் கையால்தான் என்றார்கள். ஒரு கலியாண வீட்டில் குங்குமத் தட்டு வந்தபோது, சின்னம்மா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியதை நான் பார்த்தேன். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவராகவே ஒதுங்கினார்.

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்குக் கோயிலுக்குப் போனபோது அந்த நினைப்புத்தான் வந்தது. வருடப்பிறப்பன்று மூத்தவர்கள் கையால் கைவிசேடம் வாங்குவது எங்கள் வழக்கம். அந்தக் காசு வருடம் முழுக்கப் பெருகும் என்று நம்பிக்கை. என்னைவிட வயதில் மூத்தவர்கள் எனக்கு முன்னால் வந்து கையேந்தினார்கள். மறுத்தால் நல்ல நாளும் அதுவுமாகக் கோபம் வரும். கைப்பையிலிருந்த சில்லறையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். டோர்ட்மண்டில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும், டொச் அவ்வளவாகப் பிடிபடாத ராணி அக்கா அன்றைக்குத்தான் எனக்கு அறிமுகமானார். நான் கொடுத்த ஒற்றை யூரோவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கண் கலங்கினார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ராணி அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தேத்தண்ணிகூட வேண்டாம் என்று, கைப்பையிலிருந்து தடித்த கடித உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கிளிநொச்சியில் இருக்கும் தம்பிக்கு இருதய ஒப்பரேசன், கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று, மேலதிக வேலை செய்து சேர்த்ததில் இன்னும் பாதி குறைகிறது. "இதுக்கு ரிக்கெற் எடுத்து நீங்களே சுரண்டுங்கோ பிள்ளை. உங்கட கையால விழுந்தால் என்ர தம்பி பிழைச்சிடுவான்."

கட்டிலுக்குக் கீழே கிடந்த பையை இழுத்து வந்து, அதுவரை சுரண்டிய வெறும் ரிக்கெற்றுகளை அவர் காலடியில் கொட்டினேன். "பாருங்கோ அக்கா, எல்லாம் வெறும் ரிக்கெற். என்ர சம்பளத்திலதான் இந்தக் கூத்து ஓடுது. நாங்கள் நட்டத்தில நிக்கிறம். இந்தக் காசைத் தம்பிக்கு அனுப்புங்கோ."

ராணி அக்கா குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ இரகசியம் விளங்கிக்கொண்ட மாதிரிச் சிரித்தார். "எனக்குத் தெரியாதே பிள்ளை? நல்லாயிருக்கிறம் எண்டு ஆர் தங்கட வாயால சொல்லுவினம்? கண்ணூறு பட்டுப்போம். நானெண்டாலும் நட்டமெண்டுதான் சொல்லுவன்."

அவர் சொன்னதில் என்ன பிழை? புது வீடு வாங்கினவர்களிடம் கேட்டால், "ஏதோ கடனில கிடக்குது" என்பார்கள். ஆட்கள் முட்டி மோதும் கடைக்காரரிடம் கேட்டால், "என்னவோ போகுது" என்பார். நானே அப்படித்தான் சொல்லிப் பழகியவள். கண்ணூறுக்குப் பயந்து எல்லோரும் பொய்யாகச் சொல்லி வந்த ஒரு வசனம், எனக்கு உண்மையாகத் தேவைப்பட்டபோது செல்லாமல் போய்விட்டது. சிவாவும் தன் பங்குக்கு, "ஓம் அக்கா, உண்மையாய் நட்டம்தான்" என்றார். ஆனால் காணொளியில் பேசிப் பேசி அவருக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்துவிடுகிறது. "பாத்தியளே, உங்கட மனுசன் சிரிக்கிறார்" என்ற ராணி அக்கா, நான் விலகுவதற்குள் என் வலக் கையைப் பிடித்து உறையின்மேல் அழுத்தினார். "உங்கட கை பட்டதே காணும். மிச்சத்தை நான் பாக்கிறன். போட்டு வாறன்" என்று படியிறங்கிவிட்டார்.

எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும், படத்தில் பார்த்த அந்தக் கடைக்கு. வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடினேன். நான் கடைக்குள் நுழையும்போது உறை திறந்து கிடந்தது, அதற்குள் காசு கொடுத்து வாங்கிய சில ரிக்கெற்றுகள் சுருளாய் மேசையில் விரிந்திருந்தன. "இவருக்கு விற்காதீர்கள்" என்று மூச்சிரைக்க டொச்சில் சொன்னேன். "தயவுசெய்து. இது இவருடைய தம்பியின் ஒப்பரேசனுக்கான காசு."

கடைக்கார அம்மா என் செருப்பையும் கலைந்த தலையையும் பார்த்தார். "இன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் தர மாட்டேன். வீட்டுக்குப் போங்கள்" என்றார் மெதுவாக.

"எனக்கில்லை, இவருக்கு!"

"இவர் இன்றைக்குத்தான் முதல் தடவை வந்திருக்கிறார். உங்களைத்தான் எனக்குத் தெரியும்."

"என்ன சொல்லுறா?" என்று ராணி அக்கா கேட்டார்.

"எனக்கு லொத்தர் வருத்தமாம் அக்கா, விட ஏலாத நோயாம்."

"வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எங்க விளங்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே ராணி அக்கா ஒரு ரிக்கெற்றைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "முதலாவதை நீங்களே சுரண்டுங்கோ. என்ர தம்பியை நினைச்சுக்கொண்டு."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெறும் ரிக்கெற்றாக வந்தால் இவர் இத்தோடு நிற்பாட்டிவிடுவார். என் கை கெட்ட கை என்ற கதை நாளைக்கே டோர்ட்மண்ட் முழுக்கப் பரவும். பரவட்டும். சின்னம்மா மாதிரி நானும் கையை மறைத்துக்கொண்டு திரிகிறேன், அந்தக் காசு மட்டும் உறையோடு கொழும்புக்குப் போய்ச் சேரட்டும். ஒன்றும் விழக்கூடாது என்று எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டுக்கொண்டு நான் சுரண்டிய முதல் ரிக்கெற் அதுதான்.

ஒரே தொகை மூன்று கட்டங்களில் வந்து நின்றது. ஐம்பது யூரோப் பரிசு.

ராணி அக்கா வீரிட்டார். என் வலக் கையை இழுத்து முத்தமிட்டுக்கொண்டே, மற்றக் கையால் உறையிலிருந்த தாள்களையெல்லாம் மேசையில் போட்டார். கடைக்கார அம்மா மேசையைச் சுற்றி வந்து, என் இடக் கையைப் பிடித்து, "வாருங்கள், வெளியே போவோம்" என்று வாசல் பக்கம் மெல்ல இழுத்தார். இரண்டு பேருக்கும் என்மேல் அன்பு. "நட்டம் அக்கா, நட்டம்" என்று தமிழில் கத்தினேன். அதையே டொச்சிலும் கத்தினேன். ஒருவர் தலையாட்டிச் சிரித்தார், மற்றவர் தலையாட்டிக் கவலைப்பட்டார். இழுபட்டபடியே பார்த்தேன், ராணி அக்கா அடுத்த ரிக்கெற்றைக் கிழித்து என் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.