தேதி வராத தேர்தல்

பஞ்சாயத்து முத்திரையைத் தலைவர் ஒரு பழைய துணியில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருப்பார். சாமை அறுக்கப் போனாலும் புளி உலுக்கப் போனாலும் அது அவரோடு போகும். பதவிமேல் அவ்வளவு ஆசையா என்று நினைத்துவிடாதீர்கள். எப்போதடா இதைக் கொடுத்துத் தொலைப்போம் என்று துடித்த ஒரே தலைவரை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் அடிவாரத்துக்காரன். எழுபதுகளில் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம், அந்தப் பஞ்சாயத்தின் எழுத்தர். மலையில் தேர்தல் முடிவெல்லாம் தேர்தலுக்கு முன்பே அம்மன் கோயில் வாசலில் ஆகிவிடும். ஒரு முறை மேலூர், அடுத்த முறை கீழூர். வேறு யாரும் மனுப் போட மாட்டார்கள். தலைவர் மேலூர். அடுத்த முறை கீழூரில் இருந்த அவருடைய மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு. சூடம் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வரவில்லை. காலத்தை நீட்டித்து உத்தரவு வந்தது. சரி, போகட்டும் என்றால், அது முடியும் நேரத்தில் மறுபடி நீட்டிப்பு! ஒருமுறை மழை என்றார்கள், ஒருமுறை வாக்காளர் பட்டியல் சரியில்லை என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேட்டால், "எனக்கே தெரியாதுய்யா, வந்தா சொல்லியனுப்புறோம்" என்பார் அதிகாரி. ஜீப் கிடைக்காத நாளில் நடந்து இறங்கி, நடந்து ஏறி, இந்த அழகான பதிலைச் சுமந்து வருவேன். வழியிலேயே தலைவர் மறித்துக்கொள்வார். "இன்னா கிளார்க்கு, தேதி சொல்ட்டாங்களா?" இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கே வெறுத்துப் போயிற்று.

கீழூரில் யார் இதை நம்புவது? மச்சான் நேராகவே கேட்டுவிட்டார்: "சத்தியத்த கவர்மெண்டா பண்ணுச்சு மாமா? நீதான பண்ண?" அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. தலைவரின் மனைவி பொங்கலுக்குக்கூடத் தாய்வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை. "தேதி வரட்டும், நானே இட்டுக்கினு போறேன்" என்பார் தலைவர். அந்த அம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பார், தேதியை நான்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல.

பொறுக்க மாட்டாமல் ஒரு திருவிழாவில் தலைவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஊர் பார்க்க, முத்திரையை வெற்றிலைத் தட்டில் வைத்து மச்சானிடம் கொடுத்துவிட்டார். மேளம் கொட்டினார்கள். தலைவர் மாறியாயிற்றாம்! "ஐயோ, இது செல்லாது தலைவரே" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"சாமி முன்னால குடுத்தது எப்டி செல்லாம பூடும்?" என்றார்.

மச்சான் கீழூர்க் கிணற்றுக்குத் தீர்மானம் போட்டுக் கையெழுத்திட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பினார். அது அப்படியே திரும்பி வந்தது. கூடவே தலைவருக்கு, முத்திரையை யாரைக் கேட்டுக் கொடுத்தீர் என்று ஒரு நோட்டீஸ். வேறு வழியில்லாமல் முத்திரையைத் திரும்ப வாங்கினார். கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டான் என்று கீழூர் காறித் துப்பியது. பிறகு எல்லாப் பஞ்சாயத்தையும் கலைத்துவிட்டுத் தனி அலுவலர் என்று ஒருவரைப் போட்டார்கள். அந்த மகராசன் மலையேறி வந்து நான் பார்த்ததே இல்லை. வருஷங்கள் ஓடின. அதற்குள் தலைவரின் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி பிறந்தவீட்டுக் கோடி கொண்டுவந்து போர்த்திவிட்டு, மாமாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்.

இன்றைக்கும் உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகிறது என்று பேப்பரில் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிர்வாகக் காரணமாம். இதனால் எந்த வீட்டுக் கதவு சாத்திக் கிடக்கிறது என்று எவனாவது கேட்கிறானா?

எண்பதுகளில் ஒருவழியாகத் தேதி வந்தது. மேலூரில் ஒருவரும் மனுப் போடாதபடி தலைவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தார். மச்சான் போட்டியின்றி ஜெயித்தார். மறுநாள் மாலையும் கழுத்துமாகத் தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்றவர், பழைய பழக்கத்தில் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

தலைவர் வெளியே வந்தார். கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுந்திரு மச்சான். அவளத்தான் இட்டுக்கினு வர முடியல. நானாவது வர்றேன்."

இருவரும் கீழூர்ப் பாதையில் இறங்கினார்கள்.