விஜயதசமி காலையில் நின்றுபோன லிஃப்ட்

இரண்டு வருடத்துக்கு முன்பு, விஜயதசமி அன்று காலை. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் நின்றிருந்தேன். என் நான்கு வயது மகனுக்கு அன்று அரிசியில் 'அ' எழுத வைப்பதாக வேண்டுதல். அலங்காரத்துக்காகச் சன்னதியில் திரை போட்டிருந்தார்கள். எனக்கோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி தவிப்பு. பண்டிகை நாளானாலும் ஆபீஸிலிருந்து எந்த நேரமும் ஃபோன் வரலாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஐ.டி.ஐ. படித்தது கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்தது பிள்ளை பிறந்த பிறகு. சேர்ந்து ஒரு வருடமாகியும் துடைப்பதும் எண்ணெய் போடுவதும்தான் எனக்கு. கரண்ட் இல்லாமல் லிஃப்டைக் கையால் சுற்றி இறக்குவதை சீனியர் அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். சூப்பர்வைசர்தான் தனியாக அனுப்பவே மாட்டார். பேசாமல் ஆபீஸில் ஃபோன் எடுக்கிற வேலைக்கு வந்துவிடு என்பார். வீட்டில் மகன், தினமும் யூனிஃபார்ம் சட்டையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்று அழுவான். யாருக்காக இந்த ஓட்டம் என்று சலித்துப்போயிருந்தேன். ஃபோன் எடுக்கிற வேலைக்கே மாறிவிடலாமா, நீயே ஒரு வழி சொல்லு என்று கேட்கத்தான் அம்மனிடம் வந்தேன். அவளோ திரைக்குள் இருந்தாள்.

ஃபோன் அடித்தது. அபிராமபுரத்து அபார்ட்மெண்ட் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே சின்னப்பெண் தனியாக இருக்கிறாள் என்றார்கள். சீனியர் அண்ணன் அடையாறில் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பது நான்தான். மகனைக் கூட வந்திருந்த அக்காவிடம் கொடுத்தேன். அவன் போட்ட கூச்சலில் கோயிலே திரும்பிப் பார்த்தது. நல்லாயிருக்கு தாயே நீ செய்யறது என்று திரையை முறைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அங்கே இரண்டு பேர் கம்பியால் லிஃப்ட் கதவை நெம்பிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் திடீரென்று அசைந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? தொண்டை கிழியக் கத்தி அவர்களை நிறுத்தினேன். அசோசியேஷன் செக்ரட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ மட்டுமா வந்திருக்கே? ஆம்பளை யாரும் வரலையா?"

இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முந்தின நாள் ஆயுதபூஜைக்கு லிஃப்டுக்குள் கட்டிய சாமந்தி மாலை அறுந்து விழுந்திருந்தது. அதன் நார் சிக்கிக் கதவு லேசாக விலகியிருந்தது. கதவு விலகினால் லிஃப்ட் நின்றுவிடும்.

வெளியே பிள்ளையின் அம்மா கதறக் கதற, உள்ளே பிள்ளை அதைவிடப் பெரிதாகக் கதறியது. நீங்கள் அழுதால் அதுவும் அழும் என்று அந்த அம்மாவை அடக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன ட்ரெஸ் என்று கேட்டேன். புதுப் பாவாடை என்றது. மெல்ல அழுகை குறைந்தது. ஆனால் லிஃப்டை இறக்க நான் மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போயாக வேண்டும். எழுந்திருக்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிட்டது.

"ஆன்ட்டி, போகாதீங்க."

என் மகனே உள்ளே இருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. மறுபடி இடுக்கருகில் குனிந்தேன்.

"கண்ணு, நான் மேல போனாத்தான் நீ வெளிய வர முடியும். லைட்டு நின்னுடும், பயப்படாத. இருட்டாச்சுன்னா ஆன்ட்டி உனக்காக மேல வேலை செஞ்சிக்கினு கீறேன்னு அர்த்தம்."

வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். மெயினை அணைத்துவிட்டு, நான் சொல்லும்போது பிரேக்கை விடுவிக்க அவரை நிறுத்தினேன். லிஃப்டை இறக்கக் கையால் சுற்றும் சக்கரம் அசையவே இல்லை. பொம்பளையால் ஆகாது என்ற குரல்கள் எல்லாம் காதில் கேட்டன. தாயே என்று மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். கொஞ்சம் அசைந்து கொடுத்தது, பிறகு சுற்றியது. லிஃப்ட் மாடிக்கு நேராக வந்துவிட்டதைக் காட்டும் மஞ்சள் குறி கயிற்றில் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழே ஓடிக் கதவைத் திறந்தேன்.

பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. "இருட்டாத்தான் இருந்துச்சு. ஆனா நான் அழலை. நீங்க மேல இருந்தீங்கல்ல?"

செக்ரட்டரி காபி சாப்பிட்டுவிட்டுப் போம்மா என்றார். எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. கோயிலுக்குத் திரும்பினால் எல்லாரும் எழுதி முடித்துக் கிளம்பிவிட்டார்கள். என் மகன் யாரையும் விரலைத் தொட விடாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தானாம். பூசாரி சிரித்துக்கொண்டே மறுபடி அரிசியைப் பரப்பினார். கிரீஸ் கையோடு அவன் விரலைப் பிடித்து எழுதினேன். வெள்ளை அரிசியில் கறுப்பாக ஒரு 'அ' விழுந்தது. நிமிர்ந்தால் திரை விலகியிருந்தது. பட்டும் பூவுமாக ஜொலித்தாள் அம்மன். நான் நின்று புலம்பிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் உள்ளே சும்மாவா இருந்திருக்கிறாள்! கேட்க வந்ததை நான் கேட்கவே இல்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம், இனி அவசர வேலைக்கு என்னைத் தனியாகவே அனுப்புங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

இன்றும் மகன் சில நாள் சட்டையைப் பிடித்து இழுப்பான், எனக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இருட்டாக இருந்தால் உனக்காக மேலே யாரோ வேலை செய்கிறார்கள் என்று, அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையே அவனுக்கும் எனக்கும் சொல்லிக்கொண்டு கிளம்புகிறேன்.