‘முடிந்தவை’க்குள் வேறொரு கை

கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் கமா. அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவர். எந்த வாக்கியத்தையும் நேராகக் கடக்க மாட்டார். நின்று, முறைத்து, அப்புறம்தான் நகர்வார். மனிதர்களிடமும் அதே கதைதான். பால்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டால் அன்றைக்குப் பாலைக் காய்ச்சுவதற்கு முன் இரண்டு முறை முகர்ந்து பார்ப்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பதிப்பகம் அவரை விடவில்லை. கையெழுத்துப் பிரதிகளை அவர் மனைவி கூடத்தில் மடிக்கணினியில் தட்டச்சு செய்வார். கமா பின்னறையில் மேசைக் கணினியில் திருத்துவார். இரண்டுக்கும் நடுவே ஒரு பென் டிரைவ் நாள் முழுக்க நடையாய் நடந்தது. திருத்தி முடித்ததைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் வேலை மனைவியுடையது. ஒரு தடவை கோப்பு மாறித் திருத்தாத பிரதி போய், அதுவே அச்சாகியும் விட்டது. இனி நடுவில் எந்தக் கையும் இருக்கக் கூடாது, இரண்டு கணினியையும் இணைத்துவிட வேண்டும், அனுப்புவதையும் தானே பார்த்துக்கொள்வது என்று கமா அன்றே முடிவு கட்டினார்.

இணைத்துக் கொடுக்க வந்தவன் மனைவியின் தம்பி. அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போடுவது அவன் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு முன்னால் கமாவின் குடையை வாங்கிப் போய் வேறு குடையைத் திருப்பிக் கொடுத்தவன் என்பதால் அவனைக் கமா முழுதாக நம்பியதில்லை. கதவு நிலையை ஒட்டி அவன் கேபிள் இழுத்தபோதும், கணினிகளுக்கு ‘பின்னறை’, ‘கூடம்’ என்று பெயர் வைத்தபோதும் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். பின்னறைக் கணினியில் ‘வந்தவை’, ‘முடிந்தவை’ என்று இரண்டு கோப்புறைகள். முதலாவதில் மனைவியும் எழுதலாம். இரண்டாவதை அவர் திறந்து படிக்கலாம், அவ்வளவுதான்; அதில் கை வைக்கும் உரிமை கமாவுக்கு மட்டும். மச்சினனும் சரி என்று தலையாட்டினான். அவன் சீக்கிரம் தலையாட்டியது கமாவுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் ஓடியது. சலவை பற்றிய ஒரு கையேட்டின் முதல் பகுதியை முடித்து ‘முடிந்தவை’யில் வைத்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனார். வந்து பார்த்தால் அந்தக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம் பத்து நாற்பது. பத்து நாற்பதுக்கு அவர் கழுத்தில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே தேடினார். ‘துணியில் கரை படிந்தால்’ என்று அவர் விட்டிருந்த இடம் ‘கறை’ ஆகியிருந்தது. இன்னும் நான்கு இடங்களில் கை பட்டிருந்தது. மாற்றங்கள் அத்தனையும் சரி. தப்பாக மாற்றியிருந்தால் விஷமம் என்று விட்டிருக்கலாம். இப்படி மாற்றத் தெரிந்தவன் என்னத்துக்காக மாற்றுகிறான்? மச்சினன் எங்கோ ஒரு ஓட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பதிப்பகத்தில் தன் பெயரைக் கெடுத்து வேறு யாருக்கோ வேலை வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறானோ என்னவோ. மனைவியிடம் மூச்சு விடவில்லை. ரூட்டரின் விளக்கு சிமிட்டும்போதெல்லாம் எழுந்து போய் முறைத்துவிட்டு வந்தார்.

கையேட்டின் அடுத்த பகுதியில் வேண்டுமென்றே ‘சலவை’யைச் ‘சளவை’ ஆக்கி ‘முடிந்தவை’யில் போட்டார். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று பொய் சொல்லி மச்சினனை வரவழைத்தார். பின்னறைக் கதவைச் சாத்தி, அவன் இரண்டு கையும் கண்ணில் படும்படி எதிரே உட்கார வைத்தார். காபி ஆறியது. கால் மணி நேரத்தில் கோப்பின் நேரம் மாறியது. திறந்து பார்த்தார்: ‘சலவை’.

மச்சினன் முகம் தொங்கிப்போயிற்று. சுட்டியை எடுத்து, பகிர்ந்த கோப்புகளை யார் திறந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திரையில் கொண்டுவந்தான். ஒரே ஒரு வரி. ‘கூடம்.’

“அக்காதான் எனக்கும் எழுத வழி பண்ணுன்னு கேட்டுச்சு, அத்தான். நான்தான் திறந்து விட்டேன்.”

“எதுக்கு?”

“அதை நீங்க அக்காகிட்டதான் கேக்கணும்.”

கமா கூடத்துக்கு வந்தார். மனைவி மடிக்கணினியை மூடவில்லை, மறைக்கவும் இல்லை. எத்தனை நாளாக என்று கமா கேட்டார்.

“ரெண்டு வருஷம் இருக்கும். பென் டிரைவ் என் கையில இருந்தவரைக்கும் சுலபமா இருந்துச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுவேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வேலையை விட்டுடுவீங்க. அப்புறம் வீட்ல உக்காந்து என்னைத் திருத்துவீங்க. இப்பல்லாம் வலது கண்ணை மூடிக்கிட்டுத்தான் படிக்கறீங்க. தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

அவருக்குத் தெரியாது. யார் யாரையோ கவனித்தவர் இதைக் கவனிக்கவில்லை. மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தான்; மனைவிதான் அவனை உட்கார வைத்துச் சோறு போட்டார்.

கண் மருத்துவர் புரை விழுந்திருக்கிறது என்றார். கமா நம்பாமல் இன்னொரு மருத்துவரிடமும் போனார். அவரும் அதையே சொல்ல, இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களா என்று விசாரித்துவிட்டுத்தான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார்.

கண்கட்டைப் பிரித்து, படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன முதல் நாள், அந்த இரண்டு வருஷத்தில் வந்த புத்தகங்கள் அத்தனையையும் மேசைமேல் அடுக்கினார். எது தான் திருத்தியது, எது மனைவி திருத்தியது என்று பிரித்துவிடுவது அவர் எண்ணம். காலையிலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஓரிடத்தில்கூட அடையாளம் சொல்ல முடியவில்லை. மதியம் மனைவி எட்டிப் பார்த்தபோது, ‘முடிந்தவை’யில் நீயும் எழுதுகிற வழியை அப்படியே விட்டுவிடச் சொல் உன் தம்பியிடம் என்றார். பிறகு, கட்டளையா வேண்டுகோளா என்று பிரிக்க முடியாத குரலில், “ஆனா மாத்தினா எங்க மாத்தினேன்னு எனக்குச் சொல்லிடு” என்றார்.