ஆவடி ஏரிக்கரையில் சொன்ன பொய்

அந்தக் காலத்தில் நான் வரைந்த படங்களை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாகப் பாசி வாசனை அடிக்கும். வீட்டிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, பிரஷ் நனைக்க ஏரித் தண்ணீரையே டப்பாவில் மொண்டுகொள்வேன். வெள்ளை பெயிண்ட் அதில் கொஞ்சம் பழுப்பாகிவிடும்... அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ்ஸில் எனக்கு ஆர்ட்டிஸ்ட் வேலை. ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள், மாத்திரை டப்பாவுக்கு எழுத்து, தீபாவளி வந்தால் ஸ்வீட் பாக்ஸ். வாரத்தில் ஆறு நாள் ஸ்கேலும் கறுப்பு மையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஏரிக்குப் போய்விடுவேன். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம்... அதிகம் வரைந்தது கொக்கைத்தான். பிடித்த பறவை என்பதால் இல்லை. அது அசையாமல் நிற்கும்.

ஒரு ஜனவரி மாதம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆவடி ஏரியில், கறுப்பாக, நெற்றியில் மட்டும் வெள்ளையாக, நூற்றுக்கணக்கில் பறவைகள் வந்து இறங்கியிருந்தன. பெயர் தெரியாது. இரண்டு பக்கங்களில் அவற்றை வரைந்தேன். மேலே இடம் காலியாக இருந்தது. எதிர்க்கரையில் தெரிந்த கம்பி வேலியையும், அதற்குப் பின்னால் நின்ற தண்ணீர் டேங்கையும் வரைந்து நிரப்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராணுவ இடம். அது எனக்குத் தெரியும். டேங்கை வரையக்கூடாது என்று தோன்றவில்லை... அவ்வளவுதான்.

காக்கி உடுப்பில் ஒரு காவலர் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. கூட வரச் சொன்னார். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த அறையில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். யார் அனுப்பினார்கள், எந்தப் பத்திரிகை, வேலி எதற்கு, டேங்க் எதற்கு என்று வரிசையாகக் கேட்டார். பெயர், தெரு எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு அப்பா என்ன வேலை செய்கிறார் என்றார்.

அப்பா அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். என்னால் அவர் வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால்?

"அப்பா இல்ல சார். செத்துட்டாரு," என்றேன்.

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். இது என்ன பறவை என்று கேட்டார். தெரியாது என்றேன். பெயர்கூடத் தெரியாமல் எதற்கு வரைகிறாய் என்றார். அதற்குப் பதில் சொல்வதற்குள் கதவருகே நின்ற காவலர் பேசினார்.

"அது நாமக்கோழி சார். பனிக்காலத்துல வரும். ஒரு மணி நேரமா இந்தப் பொண்ணு அதத்தான் பாத்துகினு இருந்துது."

அதிகாரி வேலி தெரிந்த இரண்டு பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். இந்தப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் மூச்சுவிடவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். கை கால் கழுவினார், சாப்பிட்டார். தட்டை எடுக்கப் போனேன்.

"நான் செத்துட்டேன்னு சொன்னியாமே?"

அந்தக் காவலர் எங்களுக்குப் பின்தெருக்காரர். எனக்கு அவரைத் தெரியாது... அவருக்கு என்னையும் தெரியும், அப்பாவையும் தெரியும். அறையில் ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லை.

"உனக்கு வேலை போய்டும்னு பயமா இருந்துச்சுப்பா," என்றேன்.

"வேலை போனா வேற வேலை. அதுக்கோசரம் என்னை சாவடிச்சுருவியா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. நானும் பெயிண்ட் பையைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்தேன். அப்பாவின் சைக்கிள் ஹேண்டில்பாரில் என் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஏறு என்றார். பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

கரையில் நான் வரைய உட்கார்ந்தேன். அவர் பேப்பர் விரித்துக்கொண்டார். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், இன்னா நடக்குது இங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"எம்பொண்ணு. படம் வரையுது. நான் இதோட அப்பன்."

அன்றிலிருந்து எனக்குக் கல்யாணம் ஆகும் வரை, நான்கு வருடம் போல, அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கூட வந்தார். யார் வந்து கேட்டாலும் அதே பதில். கேட்காதவர்களிடமும் சில சமயம் சொன்னார். படங்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, எருமை ஏன் வரையவில்லை, அதுவும் அசையாமதானே கீது என்று கேட்டார். அடுத்த வாரம் எருமை வரைந்தேன். கொம்பு சரியில்லை என்றார்.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் இப்போது வானகரத்தில் இருக்கிறேன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன்... பாதி வேலை டேப்லெட்டில்தான். போன மாதம் ரொம்ப நாள் கழித்து ஒரு ஏரிக்கரைக்குப் போனேன். நடைபாதை போட்டிருக்கிறார்கள், பெஞ்ச் இருக்கிறது. எல்லார் கையிலும் போன், எல்லாரும் படம் எடுக்கிறார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் மூன்று படம் முடித்துவிட்டேன்.

அப்பாவோடு போன நாட்களில் ஒரு படம்கூட முழுசாக முடிந்ததில்லை. யாராவது வந்து நிற்பார்கள், அவர் பேச ஆரம்பித்துவிடுவார், பெயிண்ட் காய்ந்துவிடும்...