அரைக் கோர்ட்டில் நெல்

நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் எங்கள் ஊர். ஊர்க் கோடியில் ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் இருக்கிறது. நான் மாநில அணியில் சேர்ந்த வருஷம் பஞ்சாயத்தில் எனக்காகப் போட்டுக் கொடுத்த சிமெண்ட் தரை. "உன் கோர்ட்டு" என்றுதான் ஊரில் எல்லாரும் என்னிடம் சொல்வார்கள். அதில் பந்தாடியவள் இன்றுவரை நான் ஒருத்திதான். நானும் வருஷத்துக்குப் பத்து நாள் ஊரில் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அங்கே நெல் காயும், உளுந்து காயும், யார் வீட்டுப் போர்வையாவது காயும். குறை சொல்லவில்லை. வெயில் நன்றாக விழுகிற இடம்.

என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். "மேல காத்து நல்லா வருதா?" என்று கேட்காத ஆள் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஒட்டடை அடிக்க வேண்டுமென்றால் தெருவே என்னைத் தேடும். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் அத்தனை பேருக்கும் கழுத்து வலிக்கும். இந்த உயரத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் வளையத்துக்குக் கீழேதான். அதற்காகத்தான் பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போனேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வடக்கே ஒரு அரசுத் துறையின் அணியில் இடம் கிடைத்தது. ஆபீசில் கையெழுத்து, மைதானத்தில் வேலை. பன்னிரண்டு வருஷம் ஹாஸ்டல் அறை, சப்பாத்தி, ரயில் பெர்த்தில் காலை மடக்கிக்கொண்டு தூக்கம். அறைத் தோழிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் சிரிப்பது எனக்குப் பாதிதான் புரியும். ஜெயித்துவிட்டு வந்து உட்காரும்போது யாரிடமாவது தமிழில் "அப்பாடா" என்று சொல்லத் தோன்றும். சொல்ல ஆள் இருக்காது.

முப்பத்தொரு வயதில் முழங்காலுக்குள் இருக்கிற ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. ஒன்பது மாசம் கழித்து ஃபிட்னஸ் டெஸ்ட். தேறினால் அணியில் இருக்கலாம், தேறாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை ஆபீஸ் நாற்காலிதான் என்று கோச் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கடைசி ஒரு மாசம் ஊரில் இருந்து பயிற்சி செய்கிறேன் என்று லீவு வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பா மட்டும்தான்.

அது தை மாசம். அறுப்பு நேரத்தில் மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. மிஷினை இறக்கி அறுத்த நெல் ஈரமாக வந்து விழுந்தது. அப்படியே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குவித்து வைத்தால் முளைத்துவிடும். ரோட்டில் காயப் போட ஏற்கெனவே ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். அப்பா என்னிடம் வந்து நின்றார்.

"பாப்பா, உன் கோர்ட்டுல ஒரு பக்கம் கொட்டிக்கட்டுமா? உனக்கு ஒரு பக்கம் போதும்ல?"

ஆறடிப் பெண்ணை இன்னும் பாப்பா என்கிற மனுஷனிடம் என்ன சொல்வது? "கொட்டுங்கப்பா, இதெல்லாம் கேக்கணுமா" என்றேன்.

பாதிக் கோர்ட் எனக்குத் தாராளம். வம்பு பந்தால் வந்தது. வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்து நேரே போய் நெல்லுக்குள் விழும். எங்கள் பக்கத்தில் நெல்லின் மேல் செருப்புக் காலை வைக்க மாட்டோம். யாரும் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகமில்லை, கால் தானாக நின்றுவிடும். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு தடவையும் தரையில் உட்கார்ந்து, லேஸை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, பந்தை எடுத்து வந்து, மறுபடி மாட்டினேன். ஆபரேஷன் செய்த காலை மடக்கி உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் உயிர் போயிற்று. மூன்றாம் நாள் அந்தச் சனியனை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடினேன். சின்ன வயசில் இப்படித்தானே ஆடினோம் என்று ஒரு தைரியம். சின்ன வயசில் முழங்காலுக்குள் ஸ்க்ரூ இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில், நெல் போடும் நாளுக்கு டோக்கன் வாங்க அப்பா கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பினார். பத்து மணிக்கு நெல்லை ஒருதடவை கிளறி விடச் சொல்லிவிட்டுப் போனார். நான் பந்தைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். இறங்கும்போது பாதத்துக்கு அடியில் நாலு நெல் உருண்டது. அவ்வளவுதான். முழங்கால் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். முதல் தடவை கேட்ட அதே சத்தம். டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

கத்தியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். வந்தால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். வளையத்துக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து தனியாக அழுதேன். புறாக்கள் வந்து நெல்லில் இறங்கின, அழுதுகொண்டே விரட்டினேன். பத்து மணி இருக்கும் என்று தோன்றியதும் கம்பத்தைப் பிடித்து எழுந்தேன். நல்ல காலை ஊன்றி, கெட்ட காலை நெல்லுக்குள் இழுத்து இழுத்து, வரி வரியாகக் கிளறி விட்டேன். என் பிழைப்புதான் போயிற்று, அவருடையதாவது தேறட்டும் என்று இருந்தது.

டெஸ்டை முன்னாலேயே வைத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பினேன். வீக்கம் தெரியாமல் இருக்க ட்ராக் பேண்ட், நொண்டியதற்குப் பயிற்சி வலி என்று இன்னொரு பொய். அங்கே ஃபிசியோ பெண் முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஷூ போடாமல் ஏன் குதித்தாய் என்று கேட்டாள். தரையில் நெல் இருந்தது என்றேன். நெல் இருந்தால் ஷூ போடுவதுதானே இன்னும் நல்லது என்றாள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த இந்தியில் அதற்குப் பதில் இல்லை.

டெஸ்ட் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் டெஸ்ட் என்று நான் பொய் சொல்லியிருந்த நாளின் சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"நெல்ல எடுத்துக்கிட்டாங்க பாப்பா. ஒரு மூட்டைகூடத் திருப்பல. எல்லாம் நீ கிளறி விட்டதுதான். டெஸ்ட் என்னாச்சு?"

உண்மையைச் சொன்னால் எங்கே விழுந்தாய் என்று கேட்பார். "பாஸ்ப்பா" என்றேன்.

இது நடந்து இரண்டு வருஷம். நான் மூன்றாவது மாடியில் ஃபைல் பார்க்கிறேன். ஊர்க் கணக்கில் மட்டும் இன்னும் அணியில் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா கூப்பிட்டு எத்தனை பாயிண்ட் போட்டாய் என்று கேட்பார். பன்னிரண்டு, பதினாலு என்று வாயில் வந்ததைச் சொல்வேன். ஒருதடவை முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று, ஒரு மேட்சில் அத்தனை நான் என்றைக்குமே போட்டதில்லை. சாயங்காலம் டீம் மைதானத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன். எனக்கென்று இருக்கிற ஒரே பேச்சுத்துணை அப்பா. அவரிடமும் பொய்தான் பேசுகிறேன் என்பதுதான் தாங்கவில்லை.

அவர் என் மேட்ச் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நாற்று, களை, தண்ணீர் என்று ஏதாவது ஒன்று அவரைப் பிடித்துக்கொள்ளும். போன வாரம் கூப்பிட்டார். குரலில் ஒரு கூச்சம்.

"இந்தத் தடவ அறுப்பு சீக்கிரமே முடிஞ்சிருச்சு பாப்பா. நீ ஆடுறத ஒருதடவயாவது பாத்துடணும். டிக்கெட் எடுத்துட்டேன். வியாழக்கிழம வந்துடுவேன்."

"வாங்கப்பா" என்றேன்.

நாலு நாளாக யோசிக்கிறேன். டீம் வெளியூர் போயிருக்கிறது என்று ஒரு பொய், காய்ச்சல் என்று ஒரு பொய், எல்லாம் கைவசம் இருக்கிறது. எனக்கே அலுத்துவிட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் நெல்லைச் சொல்லாமல் காலைச் சொல்ல முடியவில்லை. தன் நெல்லால்தான் என்று தெரிந்தால் அந்த மனுஷன் அப்புறம் எப்படி ஒரு வாய் சோறு தின்பார்?

இன்று செவ்வாய்க்கிழமை. அப்பா ரயில் ஏறிவிட்டார். ஜன்னல் சீட்டு கிடைத்ததென்று இப்போதுதான் போன் செய்து சொன்னார்.