ஏழாம் வாய்ப்பாடும் நான்கு இடைவெளிகளும்

அச்சகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவர் முதலாளி. இருபத்திரண்டு வருடங்களாகப் பக்கம் வடிவமைக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு வேண்டாத புள்ளிகூட அச்சுக்குப் போனதில்லை. வரியின் தொடக்கத்தில் காரணமில்லாமல் வெற்றிடம் கிடந்தால், பல்லிடுக்கில் நார் சிக்கியதுபோல அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அதை எடுத்தெறிந்துவிட்டுத்தான் தேநீரைத் தொடுவாள்.

இவ்வளவு கூர்மையானவள் பள்ளியை விட்டதற்குக் காரணம் கணக்கு. ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு வந்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்ட பிறகு, "இதெல்லாம் உன் மண்டையில ஏறாது" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவள் அதை நம்பினாள். அதற்குப் பிறகு புதிதாக எது வந்தாலும், "எனக்கு ஏறாதுப்பா" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். சொல்லும்போது சிரிப்பாள். உள்ளே சிரிப்பு இருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் புத்தகம் அவள் மேஜைக்கு வந்தது. வீட்டில் இருந்தபடியே கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகம். முதல் பக்கத்திலேயே, 'எதுவுமே தெரியாதவர்களுக்காக' என்று போட்டிருந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அச்சுக்கு அனுப்பிய பக்கங்களின் நகல் ஒன்றை எடுத்து, எழுதியவர் கொடுத்திருந்த தாள்களோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கொழுந்தனார் கழித்துவிட்ட லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மாதான் கிடந்தது.

முதல் பாடம் ஓடியது. இரண்டாம் பாடமும் ஓடியது. மூன்றாம் பாடத்தில் மூன்றே வரிகளில் ஒரு நிரல். அடித்து முடித்தால் ஏழாம் வாய்ப்பாடு திரையில் வரிசையாக வரவேண்டும். வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் என்னமோ வந்தது. அவள் சட்டென்று மூடிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆறு தடவை, சனிக்கிழமை ஒன்பது தடவை. ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சரிபார்த்தாள். அச்சில் இருப்பதற்கும் அவள் அடித்ததற்கும் ஒரு நூல் வித்தியாசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கணவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.

"என்ன, இன்னும் திட்டுதா அது?"

"திட்டிக்கிட்டேதான் இருக்கு."

"என்னன்னு திட்டுது?"

"யாருக்குத் தெரியும்? சிவப்பா வந்ததும் மூடிடுவேன். விடுங்க. டீச்சர் அன்னிக்கே சொன்னாங்க, ஏறாதுன்னு."

"லிஃப்ட் நின்னுபோனா போர்டுல ஒரு நம்பர் காட்டும். அதைப் படிக்காம கதவை உதைச்சா ஓடுமா? திட்டுனா என்ன, முழுசா கேளேன்."

"உங்க லிஃப்ட் ஆங்கிலத்துலயா திட்டுது?"

"என்னைத் திட்டுறதுக்கு ஆங்கிலம் எதுக்கு? நீ இருக்கியே!"

அவள் முறைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை மூடவில்லை. சிவப்பு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நடுவில் ஒரு சொல்லில் கண் நின்றது. இண்டென்ட். இருபத்திரண்டு வருடங்களாகத் தினமும் அவள் வாயில் புழங்கும் சொல். வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவது.

பையைக் கவிழ்த்து, புத்தகத்தை எழுதியவர் முதலில் கொடுத்த தாள்களைத் தேடி எடுத்தாள். அங்கே மூன்றாவது வரி நான்கு இடைவெளி உள்ளே தள்ளி இருந்தது. மேலே உள்ள வரிக்குக் கீழ் அடங்கியது இந்த வரி என்று கணினிக்குச் சொல்வதே அந்த வெற்றிடம்தான். அச்சுக்குப் போன நகலிலோ எல்லா வரிகளும் இடது ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றன. அழகாக, சுத்தமாக. அவளே சுத்தம் செய்தது.

மூன்றாவது வரிக்கு முன்னால் இடைவெளி விசையை நான்கு தடவை தட்டினாள். ஓட்டினாள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று திரையில் மளமளவென இறங்கியது. ஏழெட்டு ஐம்பத்தாறு. நாக்கு ஒட்டவில்லை.

"என்னங்க! எனக்கு ஏறுது! தப்பு என்னோடதுதான்!"

கணவர் கத்தியைக் கீழே வைத்தார். "ரெண்டுல எதுக்குடி இவ்வளவு சந்தோஷம்?"

அவள் வெங்காயத்தின் மேல் பழிபோட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை முதலாளி ஷட்டரைத் தூக்க வந்தபோது அவள் படியில் காத்திருந்தாள்.

"சார், ரெண்டாவது ஃபாரத்தை ஓட்டாதீங்க. மூணாம் பாடத்துலேர்ந்து எந்த நிரலும் ஓடாது. நான்தான் கெடுத்தேன்." வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"தப்புப் பண்ணிட்டு யாராவது இப்படிச் சிரிப்பாங்களாம்மா? எழுதினவங்க சரிபார்த்துக் குடுத்தாங்களே?"

"அவங்க பார்த்ததுக்கு அப்புறம் நான் சுத்தம் பண்ணிட்டேன் சார்."

முதலாளி ஓடிப்போய் சனிக்கிழமை அச்சான தாள்களைப் புரட்டினார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். முதல் ஃபாரத்தில் இரண்டு பாடங்கள்தான் இருந்தன. அவற்றில் உள்ளே தள்ளும் வரியே இல்லை. பெருமூச்சு விட்டுத் தாள்கட்டின் மேலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கால் மணி நேரம் திட்டினார். இதை வாங்கிப் போய் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவன் தன்னையல்லவா முட்டாள் என்று நினைப்பான் என்றார்.

"ஆமா சார். மூணு நாள் நினைச்சேன்" என்றாள் அவள்.

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "மீதிப் பாடத்தையும் அச்சுல இருக்கிறபடியே அடிச்சுப் பாரு. உனக்கு ஓடினாத்தான் மெஷினுக்குப் போகும்."

மதியம்வரை, பிடுங்கிய இடைவெளிகளை நான்கு நான்காகத் திரும்ப நட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கணவர் போனில் கூப்பிட்டார்.

"திட்டு வாங்கினியா?"

"வாங்கினேன், வயிறு நிறைய. லேப்டாப்பைச் சார்ஜ்ல போட்டு வைங்க. நாலாம் பாடம் இருக்கு."