சீனி இல்லாத வீடு

நான் பார்டரில் நிற்பதாக டாக்டர் சொன்னார்.

எங்கள் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ராமேஸ்வரத்திலிருந்து மீன்பிடிக்கப் போகிற படகுகள் தாண்டிவிடக் கூடாத கோடு அது. தாண்டினால் படகும் போகும், ஆளும் உள்ளே போவான். அதனால் அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே, "சுகர் பார்டர்ல நிக்குது. இனிப்பைக் குறைங்க, நல்லா நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னபோது என் கண்ணுக்குக் கோட்டைத் தாண்டுகிற படகுதான் தெரிந்தது.

"தாண்டினா என்ன சார் ஆகும்?"

"மாத்திரை தருவேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன? தெனமும் அதைச் சாப்பிடுவீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

அவருக்குத் தெரியாது. அதுக்கப்புறம் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். என்னைப் பெற்ற அய்யா சுகரில்தான் போனார். முதலில் கால் விரலில் ஒரு புண், பிறகு கண், கடைசியில் சிறுநீரகம். அவர் போன வயது எனக்கு இப்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் நம்முடைய ஊருக்கு முந்தின நிறுத்தம் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அப்படித்தான் கொஞ்ச நாளாக உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மருந்துக்கடைக்குப் போனேன். "சுகர் வாரதுக்கு முன்னாடியே சாப்பிடுற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளருக்காகவே காத்திருந்தவர் போலிருக்கிறது. பட்டை மாத்திரை, வெந்தய மாத்திரை, மஞ்சள் மாத்திரை, விட்டமின் டி, பி12, மீன் எண்ணெய் என்று வரிசையாக எடுத்து வைத்தார். எதையும் வேண்டாமென்று சொல்ல எனக்கு தைரியம் இல்லை. வேண்டாமென்று விட்ட மாத்திரையால்தான் எனக்குச் சாவு என்றால் என்ன செய்வது?

வீட்டில் என் மனைவி ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்தாள்.

"விட்டமின் டின்னா என்னங்க?"

"வெயில்லருந்து வார சத்து."

"ராமநாதபுரத்துல இருந்துக்கிட்டு வெயிலைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீக." அடுத்த டப்பாவை எடுத்தாள். "இது?"

"மீன் எண்ணெய்."

தெருவில் மீன்காரர் வண்டியில் சாளை சாளை என்று கூவிக்கொண்டு போனார். டப்பாவை ஒருமுறை பார்த்தாள், வாசலை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இதற்குள் விஷயம் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். "சுகரா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். பிறகு அடுப்படிக்குள் போய்ச் சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டில் அப்படியே கொட்டிவிட்டு வெறும் டப்பாவோடு திரும்பினாள்.

"ஒருத்தரைத் தூக்கிக் குடுத்தது போதும். இன்னமே இந்த வீட்டுக்குள்ள சீனி வரக் கூடாது. டாக்டரு என்னலே சொன்னாரு?"

"அதையேதாம்மா சொன்னாரு. சீனி கூடாதாம்."

டாக்டர் சொன்னது அது இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்கே சீனி வியாதி என்றுதான் பெயர். சீனி என்றால் வெள்ளையாக, கடையில் பொட்டலமாக வருவது. எதிரி யாரென்று பெயரிலேயே இருக்கும்போது வேறு ஆளைத் தேட யாருக்குத் தோன்றும்?

அடுத்து என் கூட்டாளி வந்தான். என்னோடு கீழக்கரையில் பள்ளிக்கூடம் படித்தவன், கொஞ்ச காலம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன், எனக்கு வருகிற பயங்களுக்கெல்லாம் முதலில் சிரிக்கிறவன். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை மேசையில் வைத்தான்.

"என்ன மாப்ள, இன்னும் உசுரோடதான் இருக்கியா? ஆபீசுல உன் நாற்காலிக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டு இருக்காய்ங்க."

"நக்கல் பண்ணாதடா. வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு பிஸ்கட்கூட இல்ல."

"ஏன் இல்ல? நீயே சுட்டுத் தின்னு. மைதா கிடையாது, சீனி கிடையாது. கேப்பை மாவு, கருப்பட்டி, இந்தப் பேரீச்சம்பழம். இப்பத்தான் எல்லா வீட்லயும் ஓவன் வச்சிருக்காகளே."

ஓவன் என்ற வார்த்தை என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. ஒரு பெருநாளுக்கு அய்யாவும் நானும் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவனுடைய உம்மா கொல்லையில் தம்மடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். ரவையும் முட்டையும் நெய்யும் பாதாமும் சேர்த்துச் செய்கிற கேக் அது. அப்போது ஓவன் ஏது? சட்டிக்குக் கீழே கங்கு, மூடிக்கு மேலேயும் கங்கு. மேல்நெருப்பு கொஞ்சம் கூடினாலும் கருகிவிடும் என்று விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். மூடியைத் தள்ளியபோது வந்த வாசனைக்கு அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். மிளகாய் விவசாயி அவர், வத்தல் மூட்டையைத் தவிர வேறு எதையும் மூக்கால் எடைபோடாத மனுஷன். "நம்ம வீட்ல இந்த வித்தை வராதே" என்று சொல்லிக்கொண்டே பாதித் தட்டைக் காலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது அவருக்கு நோய் இல்லை. அவர் வாயில் முட்டை வாசனையோடு என்னை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தது, கீழக்கரைக் காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது, எல்லாம் நேற்று மாதிரி இருக்கிறது.

அந்த வாரமே ஓவன் வாங்கிவிட்டேன். செல்போனில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னபடியெல்லாம் செய்தேன். முதல் கேக் உப்பவே இல்லை. மனைவி அதைத் தட்டிப் பார்த்தாள், சத்தம் கேட்டது. "கதவு காத்துல அடிச்சுக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீகளே, இதை முட்டுக் குடுத்துப் பாப்போமா?" என்றாள். இரண்டாவது கேக் உப்பியது, பிறகு என் கண் முன்னாலேயே பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்க என்னையே பார்ப்பது போல் இருந்தது. கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "முட்டையை நல்லா அடிக்கணும் மாப்ள. எங்க உம்மா கை ஓயுற வரைக்கும் அடிப்பாக. நீ டாக்டர் சீட்டைப் படிக்கிற மாதிரி பதறிப் பதறி அடிக்கிற" என்றான்.

மூன்றாவது வந்துவிட்டது. பழுப்பாக, மெத்தென்று, வெட்டினால் பேரீச்சம்பழம் கண்ணைச் சிமிட்டுகிற மாதிரி. வாசனைக்கு அம்மா வந்து நின்றாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "கருப்பட்டி இன்னுங் கொஞ்சம் போடலாம்லே, ஒடம்புக்கு நல்லது" என்றாள்.

அன்றிலிருந்து கருப்பட்டியை உடைத்து, காய்ச்சி, மண் போக வடிகட்டித் தருகிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். யாரையும் தொட விடமாட்டாள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஓலைக்கொட்டானில் வரவழைத்தாள். சிறு உரலில் போட்டு அவள் தட்டுகிற சத்தம் சாயங்காலமானால் கேட்கும். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா ஒரு வேலையை இவ்வளவு சந்தோஷமாகச் செய்து பார்த்தேன். நானும் குறை வைக்கவில்லை. நடப்பதற்கு முன்னால் தெம்புக்கு ஒரு துண்டு, நடந்து வந்ததும் களைப்புக்கு ஒரு துண்டு, ராத்திரி சோற்றுக்குப் பதிலாக இரண்டு. "சத்துன்னா இம்புட்டா?" என்று மனைவி கேட்டபோது, "சீனி இல்லேல்ல" என்று சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

கருப்பட்டி காய்கிற வாசனை வீட்டில் நின்றால் எனக்கு அய்யாவின் ஞாபகம்தான் வரும். நோய் வந்த பிறகு அவருக்கு அம்மா கொடுத்தது கருப்பட்டிக் காப்பி. விடியற்காலையில் சுக்குத் தட்டிப் போட்டு ஒரு செம்பு நிறைய. அவர் அதைத் துண்டால் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார். சாயங்காலம் ஒரு செம்பு. வயல் வேலை அதிகமென்றால் நடுவில் தூக்குவாளியில் ஒன்று. பள்ளிக்கூடம் விடுமுறையென்றால் அதைக் கொண்டுபோவது நான். வரப்பில் உட்கார்ந்து, மூடியில் எனக்குக் கொஞ்சம் ஊற்றித் தருவார். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில், வெயிலில், சுடச்சுட அந்தக் காப்பி. அதற்குப் பிறகு எந்த ஊர்க் காப்பியும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஆனால் அவர் போன அன்றைக்கு, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது இதுதான்: "நாக்கைக் கட்டத் தெரியல. கட்டியிருந்தா இன்னும் இருந்திருப்பாக." டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தால் நோய் ஏறுமா, ஒளித்துத்தான் தின்றிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தம்மடைத் தட்டைக் காலி செய்தவர்தானே.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை என்பதை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"தாண்டிருச்சே. என்ன சாப்பிட்டீங்க?"

"சீனி தொடலை சார். வீட்டுக்குள்ளயே இல்ல. கேப்பை மாவுல கேக், கருப்பட்டி போட்டு..."

"எவ்வளவு கருப்பட்டி?"

சொன்னேன். கையிலிருந்த மாத்திரை டப்பாக்களையும் நல்ல பெயர் வாங்கலாம் என்று மேசையில் அடுக்கினேன். அவர் விட்டமின் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி மற்றதை என் பக்கம் தள்ளினார்.

"நான் சீனின்னா சொன்னேன்? இனிப்புன்னு சொன்னேன். கருப்பட்டி, வெல்லம், தேன், பேரீச்சம்பழம், எல்லாம் ரத்தத்துக்குள்ள போனா ஒண்ணுதான் சார். கருப்பட்டியில வேற சத்து கொஞ்சம் இருக்கலாம். ஆனா சர்க்கரை சர்க்கரைதான்."

"எங்க ஊர்ல அது மருந்து சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சீனியை நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு, கருப்பட்டிக் காப்பியாக் குடிச்சுக்கிட்டு இருப்பாங்க." மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்கு மாத்திரை வந்துவிட்டதே என்று பயந்திருக்க வேண்டும். அதற்குத்தானே மூன்று மாதமாக ஒத்திகை பார்த்தேன். ஆனால் என் கண்ணில் நின்றது திருப்புல்லாணிக் கோயில் பாயசம். பிள்ளை வேண்டி அந்தப் பாயசத்தை வாங்கிக் குடித்துத்தான் நான் பிறந்ததாக வீட்டில் சொல்வார்கள். அய்யாவுக்கு அதன் மேல் உயிர். நோய் வந்த பிறகும் கோயிலுக்குப் போவார். தொன்னையில் வாங்குவார், கண்ணில் ஒற்றிக்கொள்வார், ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமல் அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். கல்யாண வீட்டில் இலையில் இனிப்பு வைக்க வந்தால் கையால் மறைப்பார். அவர் எதையும் ஒளித்துத் தின்னவில்லை. சொன்னபடி கேட்டார். சொன்னபடி கேட்டு, மருந்து என்று நம்பி, நாளெல்லாம் செம்பு செம்பாகக் குடித்தார்.

போட்டுக் கொடுத்தது அம்மா.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அடுப்படி வாசலில் உரலை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்றைய கேக்குக்குக் கருப்பட்டி தயாராகிக்கொண்டிருந்தது. விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. மனைவி முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு என்னலே சொன்னாரு?"

"மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரும்மா."

அம்மாவின் கை நின்றுவிட்டது. "ஏறிருச்சா? எப்பிடி ஏறும்? ஒரு சிட்டிகை சீனி உள்ள விடலையே நான்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், முட்டைக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"சீனியை நம்ம விடலைம்மா, கருப்பட்டிக்காரய்ங்க விட்டுட்டாய்ங்க" என்றேன். "இப்ப வார கருப்பட்டில பூராம் சீனியைக் காய்ச்சிக் கலக்குறாய்ங்களாம். டாக்டரே சொல்றாரு. காசு குடுத்து மூணு மாசமா சீனியத் தின்னுருக்கேன். இதுல தெம்புக்கு ஒண்ணு, களைப்புக்கு ஒண்ணு."

"பாவிப் பயலுக!" அம்மா கொட்டானைக் காலால் தள்ளினாள். "மருந்துல போயா கலப்படம் பண்ணுவாய்ங்க? வெளங்குவாய்ங்களா?" கொஞ்ச நேரம் வியாபாரியின் வம்சத்தைத் திட்டினாள். பிறகு திட்டு மெதுவாகக் குறைந்தது. விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க அய்யாவுக்குக் குடுத்தது?"

"அப்ப ஏதும்மா கலப்படம்? நீயே காய்ச்சுற எடத்துக்குப் போயி வாங்கிட்டு வருவேல்ல."

"ஆமாலே. பஸ்ஸுல போயி, கண்ணு முன்னால எறக்கி வச்சதைத்தான் வாங்குவேன். ஒரு தடவைகூடக் கடையில வாங்குனதில்ல."

"அதான் சொல்றேன். சுத்தமானதும்மா."

"அம்புட்டு சுத்தமாக் குடுத்தும் இருக்கலை பாரு, மனுசன்" என்றாள்.

மனைவி வந்து உரலிலிருந்ததை ஒரு தட்டில் வழித்து எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, கேப்பை மாவு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"மாவு பெசையாமக் கெடக்கு. உப்பும் முருங்கைக்கீரையும் போட்டு அடை தட்டட்டுமா? இல்ல, இதுலயும் எதையாச்சும் கலந்திருப்பாய்ங்களா?"

"கலந்திருக்க மாட்டாய்ங்கம்மா" என்றேன். "தட்டு, பசிக்குது."